கும்பகோணத்தில் ஒரு நாள்: கோயில் மூடும் நேரத்தில் பட்டறைக்குப் போங்கள்

கேள்வி இதுதான். பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, கூடவே 12 வயது மகள். கும்பகோணத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான் இருக்கிறது. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வழிகாட்டியோடு ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும், இடையில் ஒரு 'பாரம்பரிய கிராமத்தையும்' காட்டுவதாகச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா, வேறு வழி உண்டா?

ஒன்பது கோயில்களுக்கும் போவதாக வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போங்கள். அதற்கென்று ஒரு நாளை முழுதாகக் கொடுத்துவிடுங்கள், கிராமம் பார்க்கும் எண்ணத்தை அதில் சேர்க்காதீர்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம் இருக்கிறது. கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகாருக்கு அருகில். திருநள்ளாறு காரைக்காலில். விடியற்காலையில் கிளம்பினால் இரவுதான் அறைக்குத் திரும்புவீர்கள், பகலில் பெரும்பகுதி காரிலேயே போய்விடும். அந்த ஓட்டத்துக்கு நடுவே காட்டப்படும் கிராமம் பெரும்பாலும் ஒரு கடை வாசலாகத்தான் இருக்கும். உங்கள் கேள்வியில் வேண்டுதல் எதுவும் இல்லை, ஊரைப் பார்க்கும் ஆசைதான் தெரிகிறது. அப்படியானால் நான் சொல்லும் வழியே வேறு.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களைக் கோயில் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கவே கூடாது. கோயிலுக்கு உற்சவமூர்த்தி வேண்டும், விளக்கு வேண்டும், சுவாமிக்குச் சாத்தப் பட்டு வேண்டும், புறப்பாட்டுக்கு நாகஸ்வரம் வேண்டும். இவை ஒவ்வொன்றையும் செய்கிற ஊர் இங்கே 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கிறது. சுவாமிமலையில் விக்கிரகம், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டு, நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம். காலையில் சன்னதியில் பார்த்த பொருள் மதியம் ஒரு வீட்டுத் திண்ணையில் பாதி செய்த நிலையில் கிடப்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இவ்வளவு அருகருகே இப்படி அமைந்த இடம் வேறு எனக்குத் தெரியாது.

நேரக் கணக்கும் இதற்குத் தோதாகவே அமைகிறது. இந்தப் பக்கத்துக் கோயில்கள் பொதுவாகப் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் அந்த நான்கு மணி நேரத்தை அறையில் படுத்தோ, சாத்திய கதவுக்கு முன்னால் காத்திருந்தோ கழிக்கிறார்கள். பட்டறைகளில் வேலை நடப்பது அந்த நேரத்தில்தான். காலையும் மாலையும் கோயில், நடுப்பகல் பட்டறை. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் நாள் தானாக அமைந்துவிடும்.

காலை 7 மணிக்கெல்லாம் தாராசுரத்தில் இருங்கள். கும்பகோணத்திலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் அது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு தாராசுரமும் அதில் சேர்க்கப்பட்டது. தஞ்சையின் உயரத்தை எதிர்பார்த்து வராதீர்கள், இங்கே விமானம் அதில் பாதிகூட இல்லை. தஞ்சையில் கழுத்தை உயர்த்திப் பார்த்தோம், தாராசுரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். கல்லில் இத்தனை நுணுக்கம் வேறு எந்தச் சோழர் கோயிலிலும் இல்லை என்பது என் எண்ணம்.

முன்மண்டபத்தைத் தேர் வடிவில் அமைத்திருக்கிறார்கள், பக்கத்தில் சக்கரமும் பாயும் குதிரையும் உண்டு. எல்லோரும் அங்கேதான் படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், காலை வெயிலில் அழகாகவே இருக்கும். ஆனால் தட்டினால் பலிபீடத்துப் படி பாடும் என்பதைச் சொல்லிவிட்டு, தேரையும் காட்டிவிட்டுக் கிளம்புகிற வழிகாட்டி உங்களுக்கு வேண்டாம். அவர் காட்ட வேண்டியது கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், கிட்டத்தட்ட உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. நாயன்மார் கதைகள் சின்னச் சின்னக் கல் சிற்பங்களாக வரிசையாகச் சுற்றி வருகின்றன. பல ஒரு சாண் உயரம்தான் இருக்கும். கண்ணப்பர் கதை அங்கே இருக்கிறது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையும் இருக்கிறது. முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் அந்தச் சிற்பத்தை உங்கள் மகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சிற்பங்கள் ஏன் முக்கியம் என்று ஒரு வார்த்தை. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவனுடைய மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் இராசராசன். அதாவது பாட்டு பிறந்து ஒரு தலைமுறைக்குள் அது முழுதும் கல்லில் ஏறிவிட்டது. ஓலைச்சுவடி படிக்கத் தெரியாதவரும் பிரகாரம் சுற்றும்போது அறுபத்துமூவர் கதையையும் பார்த்துவிட்டுப் போகலாம். இதைச் சொல்லிவிட்டு அந்தச் சுவரைச் சுற்றி வந்தால் அப்பாவும் அம்மாவும் கோயிலை விட்டுக் கிளம்பவே மாட்டார்கள். அவர்கள் சின்ன வயதில் கேட்ட கதைகள்தானே அவை.

மகளுக்கு இன்னொன்று உண்டு. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிற்பம். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அம்மன் சன்னதி தனிக் கோயிலாகப் பக்கத்திலேயே இருக்கிறது, தெய்வநாயகி என்று பெயர். கூட்டம் அங்கே குறைவு, அம்மா உட்கார நிழலும் கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தாராசுரத்துக்குக் கொடுங்கள். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பட்டு நெய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. காலை வேளையில் சில நாள் தெரு நீளத்துக்குப் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிச் சீர் செய்துகொண்டிருப்பார்கள். கண்ணில் பட்டால் காரை நிறுத்துங்கள். இது முன்கூட்டி ஏற்பாடு செய்து காட்டக்கூடியதல்ல, பட்டால்தான் உண்டு.

ஒன்பது, ஒன்பதரைக்குப் பசிக்கும். கும்பகோணத்துக்குத் திரும்பி இட்லியோ தோசையோ சாப்பிடுங்கள், கடப்பா கிடைக்கிற நாளாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுக் கெட்டியாகச் செய்கிற இந்த ஊர்த் தொடுகறி. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. காபியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு சுவாமிமலை. அறுபடை வீடுகளில் நான்காவது. சன்னதிக்கு ஏற 60 படிகள், தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிப்பவை என்பார்கள். அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். கீழே மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இருக்கிறார்கள், அங்கேயே நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம். மேலே போகிறவர்கள் முருகன் சன்னதிக்கு எதிரில் பாருங்கள். வழக்கமாக மயில் இருக்கும் இடத்தில் இங்கே யானை நிற்கும். இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பது தலபுராணம். காலையில் பார்த்த தாராசுரத்திலும் அதே ஐராவதம்தான் சிவனைப் பூசித்தது. நல்ல வழிகாட்டி இந்த இரண்டையும் உங்களுக்காக முடிச்சுப் போட்டுக் காட்டுவார்.

பதினொன்றரைக்கு மேல் ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போங்கள். இந்த நாளின் நடு இதுதான் என்று நான் நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாராசுரம் கோயில் கட்ட வந்த சிற்பிகளின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்று இங்குள்ள ஸ்தபதிக் குடும்பங்கள் சொல்லும். அவர்கள் செய்வது மெழுகு வார்ப்பு. முதலில் தென்னை ஓலையை நறுக்கி, செய்ய வேண்டிய விக்கிரகத்தின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவுக் குறிகள் போடுவார்கள். தாளக் கணக்கு என்பது அதுதான். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரத்தை 124 கூறாகப் பிரித்து முகம், கழுத்து, மார்பு, தொடை என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை கூறு என்று வைப்பது. அளவு நாடா பக்கத்திலேயே கிடந்தாலும் ஓலையைத்தான் எடுப்பார்கள். சிலை ஒரு சாணாக இருந்தாலும் ஓர் ஆளாக இருந்தாலும் கணக்கு மாறாது, ஓலையின் நீளம் மட்டும்தான் மாறும்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, இளஞ்சூட்டில் கையால் பிடித்து உருவம் செய்வார்கள். விரல், நகை, புன்சிரிப்பு எல்லாம் மெழுகிலேயே வந்துவிடும். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைக் கூழாகக் கரைத்துப் பூசுவார்கள். இந்தக் கலை ஏன் இந்த ஊரில் வேரூன்றியது என்று கேட்டால் பாதி பதில் அந்த மண்தான். மாவு போல அவ்வளவு நயமாக இருக்கும், மெழுகில் உள்ள மெல்லிய கோட்டைக்கூட அப்படியே வாங்கிக்கொள்ளும். மெல்லிய பூச்சு காய்ந்தபின் கெட்டி மண், அதற்கு மேல் கம்பி கட்டி நிழலில் உலர்த்துவது. பிறகு வரட்டி மூட்டிச் சுட்டால் உள்ளே இருக்கும் மெழுகு உருகித் துளை வழியாக ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகின் எடையைப் போல ஏறக்குறைய எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் பிடிக்கும் என்பது அவர்கள் போடும் கணக்கு. பெரும்பங்கு செம்பு, கூடப் பித்தளையும் ஈயமும். ஐம்பொன் என்று சொல்லும்படி பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிய அளவில் சேரும்.

ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஓர் அச்சிலிருந்து ஒரே ஒரு விக்கிரகம்தான். அடுத்தது வேண்டுமென்றால் மறுபடி ஓலை, மறுபடி மெழுகு. அதற்குப் பிறகும் உளியும் அரமும் கொண்டு வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. கண் திறப்பது கடைசியில். வார்ப்பு எந்த நாள் நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, மெழுகு வேலையும் உளி வேலையும் பெரும்பாலான நாள் உண்டு. மகளுக்கு ஒரு துண்டு மெழுகைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

பட்டறையில் விக்கிரகத்தின் பீடத்தைக் கவனியுங்கள். பக்கங்களில் வளையமோ துளையோ இருக்கும். புறப்பாட்டில் தண்டு கட்டித் தூக்குவதற்கு அது. கருவறைக் கல் மூர்த்தியை நகர்த்த முடியாது, ஊருக்குள் வந்து எல்லோருக்கும் காட்சி கொடுக்கவே செப்புத் திருமேனி பிறந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சோழர் காலச் செப்புச் சிலையைப் பார்த்தால், அந்தத் துளைதான் முதலில் கண்ணில் படும்.

இங்கே வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்ததை ரசீதோடு வாங்குங்கள். 'பழசு, நூறு வருஷத்துக்கு முந்தையது' என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே கிளம்பிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகள் தொல்பொருள், அவற்றை நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே சிவபுரம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் நடராசர் களவு போய், அதன் இடத்தில் போலி நின்றுகொண்டிருந்தது. அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற சேகரிப்பாளர் கைக்குப் போய், 1986-இல்தான் திரும்பி வந்தது. இன்றைக்கும் பல சிற்றூர்க் கோயில்களின் உற்சவமூர்த்திகள் திருவாரூரில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன, திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருகின்றன. இந்த வலியை வழிகாட்டி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அழகை மட்டும் சொல்லி இதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான். புதிய விக்கிரகத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்று தேவைப்படும். விற்கும் இடத்திலேயே கேட்டு வையுங்கள்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, பெரியவர்களுக்கு ஒரு மணி நேர ஓய்வு. இதை நீங்கள் தவிர்க்கக் கூடாது. டெல்டா வெயில் ஈரத்தோடு சேர்ந்து வரும், எழுபது வயது உடம்பு அதைச் சட்டென்று காட்டிவிடும்.

பிற்பகலுக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் காலையில் சம்பாதித்த நிதானம் போய்விடும்.

முதல் வழி கிழக்கே மயிலாடுதுறைச் சாலை. நான் உங்களுக்குச் சொல்வது இதைத்தான். மூன்று மணிக்கு நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் கடைகிற சில குடும்பங்கள்தான் அங்கே மிச்சம். ஆச்சா மரத்தில் செய்கிறார்கள், அதிலும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம் போன்ற பல பத்தாண்டு காய்ந்த மரத்தைத் தேடி வாங்குவார்கள். ஈரமும் எண்ணெய்ப் பசையும் போன மரம்தான் சுருதி நிற்கும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் ஊர் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். நீளம் கூடிய, சுத்த மத்தியமம் என்ற சுரம் தெளிவாக ஒலிக்கும் பாரி நாகஸ்வரம் உருவாகி நிலைத்ததில் இந்த ஊர் ஆசாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததால் மட்டும் பட்டறைகள் பெருகிவிடவில்லை. ஒரு மரக்கட்டைக்குள் நேராகத் துளை போகிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், கல்யாண வீட்டில் நாகஸ்வரம் வாசிக்கும்போது நாம் பேசிக்கொண்டிருப்பதை எண்ணி மனசு உறுத்தும்.

நான்கு மணிக்குத் திரும்பும் வழியில் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில். சோழர்கள் எழுப்பிய பெரிய விமானங்களில் கடைசி இது என்று சொல்லலாம். தஞ்சையில் தொடங்கிய வரிசை இங்கே முடிகிறது. அதற்குப் பிறகு சில பத்தாண்டுகளில் சோழ அரசே இல்லாமல் போனது. இந்தக் கோயிலுக்கு எல்லோரும் வருவது சரபேசுவரர் சன்னதிக்காக. உங்கள் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மாலை ராகுகாலம் நாலரை முதல் ஆறு வரை, சரபர் வழிபாட்டுக்குக் கூட்டம் நெரியும். பெரியவர்களோடு அந்த நேரத்தில் உள்ளே போகாதீர்கள்.

கோயிலுக்கு வெளியே தெருத்தெருவாகப் பட்டு. நெய்பவர்களில் பெரும்பாலோர் சௌராஷ்டிரர், வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி காதில் விழும். குழித்தறியில் கால் கீழே, கை நாடாவில், தலைக்கு மேல் சேலையின் வேலைப்பாட்டை அமைக்கும் ஜக்கார்டு அட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955-லிருந்து இருக்கிறது, விலையில் குழப்பம் வேண்டாம் என்பவர்கள் அங்கேயே வாங்கலாம். திருபுவனம் சேலையை மடிப்பதே தனி அழகு. விசிறி மடிப்பு என்பார்கள், முந்தானையைப் பிடித்து இழுத்தால் விசிறியாக விரியும். அம்மாவுக்கு அதைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் தறி, பிறகு கடை. தறியைப் பார்த்தபின் பேரம் பேசும் விதமே மாறிவிடும்.

இரண்டாவது வழி தென்கிழக்கே நாச்சியார்கோயில். சுமார் பத்துக் கிலோமீட்டர். மண் அச்சில் பித்தளையை வார்த்து, கடைசல் பிடித்துக் குத்துவிளக்கு செய்வார்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் வைத்த கொண்டை என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டு முடுக்குவது வழக்கம். வீட்டில் விளக்கைக் கழற்றித் துலக்கியவர்களுக்கு இது உடனே புரியும். எடைக்கு விலை. கோயில் கல் கருடனுக்குப் பேர் போனது. மார்கழியிலும் பங்குனியிலும் சேவையின்போது கருடனை முதலில் 4 பேர் தூக்குவார்கள், வெளியே வர வர 8, 16, 32, 64 என்று ஆள் கூடிக்கொண்டே போகும். அந்த நாளில் வர வாய்த்தால் நான் மேலே சொன்ன திட்டத்தை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள். சாதாரண நாளில் விளக்குப் பட்டறை வேலை கோயிலைவிட அதிகம் ஈர்க்கும்.

காலையிலேயே நேரம் மிச்சமானால் பட்டீசுவரம் பக்கத்தில் ஓர் இடம் சொல்கிறேன், வண்டியோட்டிகள் பலருக்குத் தெரியாது. இராமநாதன்கோயில் என்று ஊரார் சொல்லும் இடத்தில் பஞ்சவன் மாதேவீச்சரம் இருக்கிறது. முதலாம் இராசராசனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு, அவர் வயிற்றில் பிறக்காத இராசேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில். கங்கை வரை படை அனுப்பியவன் ஒரு சிற்றன்னைக்கு எழுப்பிய சிறிய கோயில். பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தை இந்த நாளில் சேர்க்காதீர்கள். அது கொள்ளிடத்துக்கு அப்பால், முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. இன்னொரு முறை வரும்போது அதற்கென்று அரை நாள் கொடுங்கள்.

இனி வழிகாட்டி. கார் ஓட்டுபவரும் வழிகாட்டியும் ஒருவரே என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை நிறுத்த இடம் தேடுகிறவர் உங்களோடு பிரகாரம் சுற்ற முடியாது. சுற்றுலாத் துறையின் உரிம அட்டை உள்ளவரைக் கேளுங்கள், கட்டணத்தைக் கார் வாடகையோடு கலக்காமல் தனியாகப் பேசுங்கள். பேசும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: 'தாராசுரத்தில் பெரியபுராணச் சிற்பங்களில் எவற்றைக் காட்டுவீர்கள்?' தயங்காமல் நாலைந்து கதை சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எல்லாம் காட்டுவேன் சார்' என்பவரை விட்டுவிடுங்கள். பட்டுக் கடையிலும் சிலைக் கடையிலும் வழிகாட்டிகளுக்குக் கமிஷன் உண்டு என்பது இந்த ஊரில் ரகசியமல்ல. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, நாள் முழுக்க வெயிலில் பேசுகிறவர்களுக்கு நாம் கொடுக்கும் கூலி குறைவு என்பதால்தான் அந்த வழக்கம் வளர்ந்தது. ஆகவே கூலியைச் சற்றுக் கூடவே பேசி, 'கடைக்குப் போவதாக இருந்தால் நாங்களே சொல்கிறோம்' என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள்.

பட்டறைகளும் தறி வீடுகளும் காட்சிக்கூடங்கள் அல்ல, அவை குடும்பங்கள் வாழும் இடம். வாசலில் செருப்பை விடுங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். மெழுகு வேலை செய்பவரின் முகத்துக்கு நேரே விளக்கடித்து எடுக்காதீர்கள். கையில் பணத்தைத் திணிப்பதைவிட, சிறிதாக ஏதாவது வாங்குவது அவர்களுக்கு மரியாதை. ஒரு காமாட்சி விளக்கு போதும். வழிகாட்டியை முந்தின நாளே அந்த வீடுகளுக்குப் போன் செய்து சொல்லிவைக்கச் சொல்லுங்கள். அமாவாசையன்று ஆசாரிகளின் பட்டறைகள் பலவற்றில் வேலை இருக்காது. காலண்டரைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

தை, மாசி மாதங்கள் வருவதற்கு நல்லவை. வெயில் தணிந்திருக்கும், அறுவடை நடக்கிற வயல்களும் வழியெல்லாம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் அடைமழைக்குத் தயாராக வாருங்கள். தாராசுரம் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால் பெருமழையில் தண்ணீர் தேங்கும், அடிச்சுவர்ச் சிற்பங்களைக் குனிந்து பார்ப்பது கடினமாகிவிடும். மாசி மகத்தன்று கும்பகோணம் மகாமகக் குளக்கரையில் நிற்க இடமிருக்காது. 2016-க்குப் பிறகு வரும் மகாமகம் 2028-இல், அந்த ஆண்டு மாசியில் இந்தத் திட்டம் எதுவும் நடக்காது.

ஏற்பாட்டாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தாராசுரம், சுவாமிமலை, நரசிங்கம்பேட்டை, திருபுவனம் ஆகிய நான்கு ஊர் மட்டும், மதியம் ஓய்வு, வழிகாட்டி தனி. 'இவ்வளவுதானா?' என்று கேட்பார். ஆமாம், இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பதால் கார் வாடகையும் குறையும், அந்த மிச்சத்தை வழிகாட்டிக்குக் கொடுத்துவிடலாம்.